மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம்: நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இதயத்திற்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் அடைப்பு உள்ளதா என்று பார்க்க, மருத்துவர் உங்களுக்கு ஆஞ்சியோகிராம் பரிசோதனையைப் பரிந்துரைத்திருக்கலாம். சுமார் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய குழாய் ஒன்று ரத்தக் குழாய் வழியாக இதயம் வரை செலுத்தப்படும். அடைப்பு இருந்தால், அதே வழியில் பலூன் சிகிச்சை செய்து ஸ்டென்ட் பொருத்தவும் முடியும்.

முன்பு பெரும்பாலும் தொடை இடுக்கில் உள்ள ரத்தக் குழாய் வழியாகவே இது செய்யப்பட்டது. இன்று பலருக்கு மணிக்கட்டு வழியே முதலில் பரிசீலிக்கப்படுகிறது.

மணிக்கட்டு வழி ஏன் பாதுகாப்பானது?

தொடை இடுக்கில் உள்ள ரத்தக் குழாய் பெரியது, ஆழத்தில் இருப்பது. அங்கு கசியும் ரத்தம் வெளியே தெரியாமல் உள்ளேயே தேங்கக்கூடும். மணிக்கட்டு ரத்தக் குழாய் தோலுக்குச் சற்றுக் கீழே, எலும்பின்மேல் இருக்கிறது. கசிந்தால் உடனே தெரியும். அழுத்திப் பிடித்து நிறுத்தலாம்.

மாரடைப்பு போன்ற திடீர் இதயப் பாதிப்பு ஏற்பட்ட 8,404 பேரிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்ட ஆய்வு 2015ல் வெளியானது. கடுமையான ரத்தக்கசிவு, தொடை வழியில் 1,000 பேரில் சுமார் 23 பேருக்கும், மணிக்கட்டு வழியில் சுமார் 16 பேருக்கும் ஏற்பட்டது.

மற்றொரு நன்மை: பல மணி நேரம் காலை அசைக்காமல் மல்லாந்து படுத்திருக்கத் தேவையில்லை. முதுகுவலி உள்ளவர்களுக்கும் அடிக்கடி கழிவறைக்குச் செல்பவர்களுக்கும் இது பெரும் உதவி.

கைக்கு ஆபத்து உண்டா?

உங்கள் கைக்கு இரண்டு முக்கிய ரத்தக் குழாய்கள் உள்ளன. அவை உள்ளங்கையில் ஒன்றோடொன்று இணைகின்றன. சிலருக்குச் சிகிச்சைக்குப் பின் ஒரு குழாய் அடைபடலாம். அப்போதும் பெரும்பாலும் மற்றொன்று கைக்குத் தேவையான ரத்தத்தைக் கொடுக்கும். லேசான வலியும் நீலநிறத் தழும்பும் சில நாள்களில் மறையும்.

சிலருக்கு மணிக்கட்டுக் குழாய் மிகவும் சிறியதாகவோ வளைந்தோ இருக்கும், அல்லது இறுகிக்கொள்ளும். அப்போது மருத்துவர் வேறு வழியைத் தேர்ந்தெடுப்பார். மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு போன்ற அரிதான ஆபத்துகள் எந்த வழியிலும் உண்டு. அவற்றைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்

• சிறுநீரக நோய் உள்ளதா, ரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் அறுவை சிகிச்சை செய்திருக்கிறீர்களா அல்லது செய்ய வேண்டியிருக்கிறதா
• ஒவ்வாமை உள்ளதா
• நீரிழிவு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, நாட்டு மருந்து எதையேனும் உட்கொள்கிறீர்களா

மருத்துவர் சொல்லாமல் எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

வீடு திரும்பிய பின்

• மருத்துவமனையில் கட்டிய அழுத்தப் பட்டையைத் தாதியர் படிப்படியாகத் தளர்த்தி அகற்றுவர். நீங்களாகத் தளர்த்த வேண்டாம்.
• சில நாள்களுக்கு அந்தக் கையால் சந்தைப் பை தூக்குவது, துணி பிழிவது, கையூன்றி எழுவது ஆகியவற்றைத் தவிர்க்கவும். எத்தனை நாள்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
• காயத்தில் எண்ணெய், மஞ்சள், தைலம் தடவாதீர்கள். தண்ணீரில் ஊறவிடாதீர்கள்.
• ஸ்டென்ட் பொருத்தியிருந்தால், உடம்பு நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம்.

எப்போது உதவி நாட வேண்டும்?

ரத்தம் கசிந்தால் உட்கார்ந்து, காயத்தின்மேல் விரல்களால் 10 நிமிடங்களுக்கு விடாமல் அழுத்துங்கள். ரத்தம் பீய்ச்சி அடித்தாலோ, 10 நிமிடங்களுக்குப் பிறகும் நிற்காவிட்டாலோ, அழுத்தியபடியே 995ஐ அழையுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல் இருந்தாலும் உடனே 995ஐ அழைக்கவும்.

விரல்கள் குளிர்ந்து வெளிறினாலோ, மரத்துப்போனாலோ, வீக்கம் அதிகரித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காயத்தில் சீழ் வைத்தாலோ, மறுநாள் வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இந்தக் குறிப்பை உங்கள் வீட்டில் இருப்பவர்களிடமும் படித்துக் காட்டுங்கள்.