ஒரே கேமரா, ஒரே லென்ஸ் போதுமா? டிராவல் பேக்கின் எடையைக் குறைப்பது எப்படி?

ஞாயிறு காலை. சென்னீர்குப்பத்திலிருந்து பூந்தமல்லி வந்து காஞ்சிபுரம் பஸ் ஏறியாச்சு. தோளில் கேமரா பேக். உள்ளே பாடி, 2 பெரிய லென்ஸ், ஃபிளாஷ், டிரைபாட். சீட் இல்லை. பேக்கைக் கீழே வைக்கவும் பயம், மேலே வைக்கவும் பயம். 'இதையெல்லாம் எதுக்குத் தூக்கிட்டு வந்தோம்' என்ற கேள்வி ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் வந்துவிடும்.

எடைக் கணக்கு என்ன?

உதாரணமாக, சோனி ஏ7 4 பாடி பேட்டரியோடு 658 கிராம். எஃப்2.8 ரகத்தில் புதிய 24-70 லென்ஸ் 695 கிராம், 70-200 லென்ஸ் 1,045 கிராம். மொத்தம் சுமார் 2.4 கிலோ. அதே பாடியில் 35 மி.மீ. எஃப்1.8 லென்ஸ் மட்டும் மாட்டினால் ஒரு கிலோகூட வராது. உள்நாட்டு விமானங்களில் எகானமி பயணிக்குப் பொதுவாக 7 கிலோ கேபின் பேக்தான் என்பதால், இந்த வித்தியாசம் அங்கேயும் உதவும்.

இது புது ஐடியாவா?

இல்லை. ஜெர்மனியின் ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. கனமான பிளேட் கேமராவைச் சுமக்க முடியாமல்தான் கையடக்கக் கேமராவை உருவாக்கினார். அது 1925-ல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் பெரும்பாலும் லைக்காவையும் 50 மி.மீ. லென்ஸையும் வைத்தே வேலை பார்த்தவர். 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்ததும் இவர்தான்.

காஞ்சிபுரத்தில் எது போதும்?

கைலாசநாதர் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இதுபோன்ற இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி தேவை. அனுமதி வாங்காமல் தூக்கிப் போனால் வெறும் சுமைதான். சுற்றிலும் வரிசையாகச் சிறு சன்னதிகள், குறுகலான நடைபாதை. இங்கே பெரிய ஜூமுக்கு வேலை இல்லை. அகலமான காட்சியை மொபைலே எடுத்துவிடும். மணற்கல் சிற்பங்களுக்கு 35 அல்லது 50 மி.மீ. போதும்.

வேடந்தாங்கல் போனால் கதையே வேற. தூரத்தில் இருக்கும் பறவைக்கு நீளமான லென்ஸ் வேண்டும். அப்போது மற்ற லென்ஸை வீட்டில் விடலாம். குறைந்த கியர் என்றால் எப்போதும் சின்ன லென்ஸ் என்று அர்த்தம் இல்லை. அன்றைய வேலைக்கு ஒன்று, அவ்வளவுதான்.

எதைக் குறைக்கக் கூடாது?

கூடுதலாக ஒரு பேட்டரி, ஒரு மெமரி கார்டு, லென்ஸ் துடைக்கும் துணி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். விமானப் பயணம் என்றால் உதிரி பேட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பேக்கில் போடக் கூடாது. 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-ஹவர் என்பதால் பிரச்சினை இல்லை.

அடுத்த லென்ஸுக்கு இஎம்ஐ போடலாமா?

அதற்கு முன் கடந்த டிரிப் படங்களைத் திறந்து பாருங்கள். எந்த ஃபோக்கல் லெங்த்தில் எடுத்தது என்று ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் பதிவாகியிருக்கும். பிடித்த 20 படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அந்த எண்களைக் குறித்துப் பாருங்கள். பெரும்பாலானவை ஒரே எண்ணைச் சுற்றி வந்தால், உங்களுக்கான லென்ஸ் அதுதான். அது ஏற்கெனவே பேக்கில் இருந்தால், இஎம்ஐயும் மிச்சம், தோளும் மிச்சம்.