துறைமுகப் பட்டினமும் தரைவழித் தபாலும்

கப்பல் வரக் கடிதமும் வரும் என்பது துறைமுகப் பட்டினங்களின் பொது இயல்பு. எம் திருகோணமலைக்கோ அவ்வியல்பு வாய்க்கவில்லை. 1795 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பற்றிய இத்துறை போர்க்கப்பல்களுக்கே உரியதாயிற்று. ஐரோப்பியத் தபாலைக் கொணர்ந்த நீராவிக் கப்பல்கள் முதலிற் காலியிலும், அலைதாங்கி அமைந்த பின்னர்க் கொழும்பிலுமே நங்கூரமிட்டன. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றை வாயிலிற் கொண்ட ஊர், தன் கடிதங்களுக்குக் காட்டுவழியையே நோக்கியிருந்தது.

அவ்வழி எளிதன்று. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1832 இற் குதிரைத் தபால்வண்டி ஓடத் தொடங்கியது. 1867 இற் புகையிரதம் அங்கு வந்தது. 1880 இல் மாத்தளையை எட்டியது. அதற்கப்பால் தம்புள்ளை, ஹபறணை, கந்தளாய் எனப் பெருவனம். முன்னாளில் இத்தகைய வழிகளிலே தபாலைக் காத்தவர் ஓட்டக்காரர். முத்திரையிட்ட பையைத் தோளிற் சுமந்து தம் பங்குத் தூரத்தைக் கடந்து, அடுத்த தங்குமிடத்திற் காத்திருப்பவரிடம் ஒப்புவித்து மீள்வர். யானைக்கும் கரடிக்கும் தப்பினும் குளிர்காய்ச்சலுக்குத் தப்புதல் அரிது. தபாலதிபர்களின் பெயர்கள் ஏட்டில் உள. இவர்தம் பெயர்கள் இல்லை. இது நேரிய கணக்கென நாம் கருதவில்லை.

1857 ஏப்ரில் 1 ஆம் திகதி இலங்கையின் முதல் முத்திரை வெளிவந்தது. விலை ஆறு பென்ஸ்; இங்கிலாந்துக்குச் செல்லும் அரை அவுன்சுக் கடிதத்துக்கு உரியது. அதனை ஒட்டித் திருகோணமலையில் இடப்பட்ட கடிதம், தன் கண்ணெதிரே நின்ற கப்பலை விடுத்து, தீவைக் குறுக்கே கடந்து காலிக்குச் சென்றே கப்பலேற வேண்டியிருந்தது! காலியிலிருந்து கொழும்புக்குப் பத்திரிகைச் செய்தி கொண்டுசெல்ல 1850 இற் புறாக்களும் பழக்கப்பட்டன. எம்மூருக்கு அப்பேறும் இல்லை.

1927 இற் கல்லோயா வழியாகப் புகையிரதம் வந்தபின்னரே நிலை மாறியது. கொழும்பில் மாலையில் ஏற்றிய பை மறுநாட் காலையில் இங்கு இறங்கலாயிற்று.

இரண்டாம் உலகப்போரில் துறை கப்பல்களால் நிறைந்தது. எனினும் மாலுமிகளின் கடிதங்கள் கப்பலின் பெயருக்கு இலண்டன் தபாற்கந்தோர் வாயிலாக வந்தன. துறையின் பெயர் உறையில் இராது. 1942 ஏப்ரில் 9 இல் யப்பானியர் குண்டு வீசியபோது ஊரைவிட்டகன்றோர்க்கு உறவினரின் சேமமறியத் தபாலே துணை.

குடாவின் அக்கரை நிலை வேறு. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நேரே செல்வோர், ‘பாதை’ என நாம் அழைக்கும் மிதவையையும் படகையுமே நம்பினர். தபாற்பைக்கும் வேறு குறுக்குவழி இல்லை. கடல் கொந்தளித்தால் நியமனக் கடிதமும் காசுக்கட்டளையும் இக்கரையிலே தங்கும். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009 இல்.