பேஸ்மேக்கர் சோதனைக்குப் பயம் வேண்டாம்

நம் இதயம் ஓய்வே எடுப்பதில்லை. ஒரு நாளில் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. அதைத் துடிக்க வைப்பது எது? மிகச் சிறிய மின்சாரம். அந்த மின்சாரம் இதயத்திலேயே உண்டாகிறது.

சிலருக்கு இந்த மின்சாரம் சரியாக உண்டாவதில்லை. சிலருக்கு அது போகும் வழியில் தடைபடுகிறது. அப்போது நாடித் துடிப்பு மிகவும் குறையும். கண் இருட்டும். மயங்கி விழுவார்கள். மலைச்சரிவில் ஏலத்தோட்ட வேலை செய்பவர் மயங்கி விழுந்தால் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள்.

இவர்களுக்கு உதவுவதுதான் பேஸ்மேக்கர். இது பேட்டரியால் வேலை செய்யும் சிறு கருவி. பெரும்பாலும் மார்பின் மேல்பக்கத்தில், தோலுக்கு அடியில் வைப்பார்கள். மெல்லிய வயர் அங்கிருந்து இதயத்துக்குப் போகும். இதயம் துடிக்கத் தாமதித்தால் கருவி அதைத் தூண்டிவிடும்.

உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கரை முதன்முதலில் பெற்றவர் ஆர்னே லார்சன். இவர் சுவீடன் நாட்டுக்காரர். 1958-ஆம் ஆண்டு அவருக்கு அதைப் பொருத்தினார்கள். அந்தக் கருவி சில மணி நேரமே ஓடியது. பிறகு கருவியை மாற்றி மாற்றி வைத்தார்கள். மொத்தம் 26 கருவிகள்! அவர் 2001-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். இறந்தபோது வயது 86. இன்றைய கருவிகள் பல ஆண்டுகள் உழைக்கின்றன.

எதற்குச் சோதனை?

“நன்றாகத்தானே இருக்கிறேன். ஒரு நாள் கூலி போய்விடுமே” என்று சிலர் சோதனைக்குப் போவதில்லை. உடும்பஞ்சோலை மலையிலிருந்து கோட்டயத்துக்கோ மதுரைக்கோ போய் வருவது சிரமம்தான். ஆனால் பேட்டரி எவ்வளவு மீதி இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. சோதனையில்தான் தெரியும். பேட்டரி தீரும் காலம் நெருங்கினால் முன்கூட்டியே கருவியை மாற்றிவிடலாம். பொதுவாக 6 மாதம் அல்லது ஓர் ஆண்டுக்கு ஒரு முறை வரச் சொல்வார்கள். சொன்ன தேதியில் போய்விடுங்கள்.

என்ன செய்வார்கள்?

ஊசி இல்லை. கத்தி இல்லை. மார்பின்மேல் ஒரு சிறு கருவியை வைத்துக் கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். நடுவில் துடிப்பைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பார்ப்பார்கள். அப்போது படபடப்பு வரலாம். லேசாகத் தலை சுற்றலாம். பயப்படாதீர்கள். உடனே சொல்லுங்கள். சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

சோதனைக்குப் பிறகு

சில நேரம் கருவியின் வேகத்தை மாற்றி வைப்பார்கள். அதனால் உடல் சற்று வேறு மாதிரி தோன்றலாம். “என் கருவியில் ஏதாவது மாற்றினீர்களா?” என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். போடிமெட்டு வளைவுகளில் பஸ் ஏறும்போது யாருக்கும் தலை சுற்றும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி வந்தாலும் உடனே போக வேண்டும். விடாத விக்கல் வந்தாலும் போக வேண்டும். கருவி உள்ள இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் வந்தாலோ காத்திருக்கக் கூடாது. பச்சிலை வைத்துக் கட்டாதீர்கள்.

கவனமாக இருங்கள்

புதிதாகக் கருவி வைத்தவர்கள் சில வாரங்கள் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ஜீப்பிலும் பஸ்ஸிலும் அந்தக் கையால் மேல்கம்பியைப் பிடிக்காதீர்கள். வயர் நகர்ந்துவிடலாம். பாரமும் தூக்காதீர்கள்.

முதுகில் மாட்டும் மருந்தடிக்கும் மிஷினின் வார், கருவி உள்ள இடத்தை அழுத்தும். அதில் பெட்ரோல் எஞ்சினும் இருக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் அதைத் தூக்க வேண்டாம். வெல்டிங் வேலைக்கும் அப்படியே. செல்போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள். எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். டிவி பார்க்கலாம். மிக்சியில் அரைக்கலாம். அவற்றைக் கருவிமேல் ஒட்டினாற்போல் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

உங்கள் அட்டையைப் படியுங்கள்

கருவி வைத்தவுடன் ஓர் அட்டை தருவார்கள். கருவியின் பெயர், வைத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். அது வேறு மொழியில் இருந்தால், தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லித் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அட்டையை முதலில் காட்டுங்கள். ஸ்கேன் எடுப்பதற்கு முன்பும் காட்டுங்கள்.

“என் நாடி நிமிடத்துக்கு எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது?” என்றும் கேளுங்கள். அந்த எண்ணை அட்டையோடு எழுதி வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, மணிக்கட்டில் விரல் வைத்து, 1 நிமிடம் எண்ணுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே குறைந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

எண்ணத் தெரிந்த உங்களுக்கு இது கடினமே அல்ல. உங்கள் வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.