கவலை தீர ஓர் உலர்ந்த திராட்சை!

இரவு மணி இரண்டு. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தாத்தா மட்டும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமிருந்து இரண்டு நாளாகச் சேதி இல்லை. மார்பு படபடக்கிறது. "இருதயக் கோளாறாக இருக்குமோ?" என்று ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தினாலேயே படபடப்பு இன்னும் அதிகமாகிறது. பொழுது விடிந்ததும் பிள்ளையின் சேதி வந்துவிடுகிறது. போன தூக்கம் மட்டும் வருவதில்லை!

"வயசானால் கவலை இருக்கத்தான் இருக்கும்" என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். வைத்தியர்கள் அப்படிச் சொல்வதில்லை. நாள் தவறாமல் அரித்தெடுக்கும் கவலை முதுமையின் லட்சணம் அன்று. சிகிச்சை செய்ய வேண்டிய விஷயம். மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் மனத்தை அமைதிப்படுத்தும் சில மாத்திரைகள் வயதானவர்களைத் தள்ளாட வைக்கும்; கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால் கவலைக்குப் புதிய காரணமும் கிடைத்துவிடும்.

வேறு வழி உண்டா?

1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், உஸ்டர் நகரத்துச் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில் ஜான் கபாட்-ஜின் என்பவர் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். அவர் மருத்துவர் அல்ல. உயிரணுக்களின் மூலக்கூறுகளை ஆராய்ந்து பட்டம் பெற்ற விஞ்ஞானி. நாட்பட்ட வலியாலும் வேதனையாலும் அவதிப்பட்டவர்களை டாக்டர்கள் அவரிடம் அனுப்பினார்கள். அவர் கற்பித்ததன் வேர் பௌத்த தியானத்தில் இருக்கிறது. பாலி மொழியில் அதற்கு 'ஸதி' என்று பெயர். தமிழில் உள்ள 'சதி' அல்ல, பயப்பட வேண்டாம்! விழிப்போடு கவனித்தல் என்பதே பொருள்.

இப்போது இது எட்டு வாரப் பயிற்சியாக நடக்கிறது. ஆரம்பப் பாடம் ஓர் உலர்ந்த திராட்சை! அதைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும், தடவ வேண்டும், முகர வேண்டும், பிறகு மெதுவாக மெல்ல வேண்டும். "இதுவா வைத்தியம்?" என்று கேட்பீர்கள். திராட்சையின் ருசியைக் கவனிக்கும் அந்த நிமிஷத்தில் நாளைய கவலைக்கு இடம் குறைகிறது அல்லவா? அதுதான் சூட்சுமம். அடுத்து, படுத்தபடியே கால் விரலிலிருந்து தலைவரை உடம்பை ஒவ்வோர் அங்கமாகக் கவனிப்பது. கவலை வந்தால் விரட்ட வேண்டாம், "வந்துவிட்டாயா?" என்று பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்பினால் போதும்.

பலன் உண்டா? 2022-ல் ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலை டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், கவலை நோயுள்ள 276 பேரில் ஒரு சாராருக்கு எஸ்ஸிடாலோபிராம் மாத்திரை. மற்றவர்களுக்கு இந்தப் பயிற்சி. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம்! ஆனால் அவர்களில் பலர் முதியவர்கள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாபகசக்தி வளரும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பிவிடாதீர்கள். அதே 2022-ல், 65 முதல் 84 வயது வரையுள்ள 585 பேரிடம் சோதித்தார்கள். ஞாபகசக்தி கூடியதாகத் தெரியவில்லை.

சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம். கண்ணை மூடினால் பயம் வருமானால் திறந்தே வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம் போதும். ஆனால் இரண்டு எச்சரிக்கை: படபடப்புக்கு இருதயமோ தைராய்டோ காரணமா என்று முதலில் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சாப்பிட்டு வரும் மாத்திரையைச் சொந்த யோசனையில் நிறுத்தவே கூடாது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தாத்தாவுக்குத் திராட்சை வாங்கிக் கொடுங்கள். கூடவே, ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி சேதியும் அனுப்பிவிடுங்கள்!