நல்ல கலப்படம்!

அரிசியைக் களைந்து, அளவாகத் தண்ணீர் வைத்து, மின்சாரக் குக்கரின் விசையை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறாள் வீட்டுக்காரி. சோறு வெந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம். சூடு தானாகவே நின்றுவிடுகிறது. சாதாரணக் குக்கரில் கடிகாரம் எதுவும் கிடையாது. பின், சோறு வெந்த சேதியை அதற்கு யார் சொன்னார்கள்?

தன் காந்த குணத்தை மறந்துபோகும் ஒரு சிறு துண்டுதான் சொன்னது!

கியூரி கண்ட எல்லை

பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காந்தம் இழுக்காது. எந்தச் சூட்டில் இந்த மாறுதல் நேருகிறது என்பதை நுட்பமாக ஆராய்ந்து 1895-ல் வெளியிட்டார் பிரெஞ்சு விஞ்ஞானி பியர் கியூரி. ரேடியம் கண்ட மேரி கியூரி அம்மையாரின் கணவர் இவர்தான். இரும்புக்கு அந்த எல்லை 770 டிகிரி சென்டிகிரேட்; நிக்கலுக்குச் சுமார் 358. இதைக் ‘கியூரி உஷ்ணநிலை’ என்பார்கள்.

இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணு பார்க்கும் திசையிலேயே தானும் பார்க்க விரும்புவது அதன் சுபாவம். சூடோ இந்த ஒற்றுமையைக் குலைக்கிறது. எல்லையைத் தாண்டியதும் ஒழுங்கு அடியோடு போய்விடுகிறது. பனிக்கட்டி உருகித் தண்ணீராவது போல இதுவும் ஒரு நிலை மாற்றம்.

துத்தநாகத்தின் வேலை

சோற்றுப் பானைக்கு 770 டிகிரி எதற்கு? தண்ணீர் உள்ளவரை பானையின் சூடு சுமார் 100 டிகிரியில் நிற்கும். தண்ணீரை அரிசி குடித்துவிட்டால் சூடு அதற்கு மேல் ஏறும். ஆகவே 100-க்குச் சற்று மேலே காந்த குணத்தை இழக்கும் பொருள் வேண்டும்.

இங்கேதான் கலப்படம் கை கொடுக்கிறது. ‘பெர்ரைட்’ என்பது இரும்பு ஆக்சைடுடன் வேறு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்ட, மண்பாண்டம் போன்ற பொருள். அதில் துத்தநாகத்தைச் சேர்க்கிறார்கள். துத்தநாக அணுவுக்குக் காந்த குணம் இல்லை. அணிவகுப்பின் நடுவே வேடிக்கை பார்க்க வந்தவன் போல அது நிற்க, பக்கத்து அணுக்களின் பிணைப்பு தளர்கிறது. எல்லை கீழே இறங்குகிறது. சேர்மானத்தைக் கூட்டிக் குறைத்து, வேண்டிய சூட்டில் எல்லையை நிறுத்தலாம்.

பானையின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் இந்தத் துண்டில், விசையை அழுத்தியதும் ஒரு காந்தம் ஒட்டிக்கொள்கிறது. எல்லை தாண்டியதும் பிடி விட்டுப்போக, ஸ்பிரிங் காந்தத்தைத் தள்ளிவிடுகிறது. அதுதான் அந்த ‘டக்’!

ஆனால் சேர்மானம் சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் அதிகம், ஓரிடத்தில் குறைவு என்றால், ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு சூட்டில் மாறும். எல்லைக்கோடு கலைந்துபோகும், சோறும் தீயும்.

வாத்தியார் வந்தால்...

வெளியிலிருந்து ஒரு பலமான காந்தத்தைக் காட்டினால் என்ன ஆகும்? வகுப்புக்குள் வாத்தியார் நுழைந்த கதைதான். எல்லைக்கு மேலும் அணுக்கள் ஓரளவு ஒரே பக்கம் திரும்பி நிற்கும். திடீர் மாற்றம் படிப்படியான மாற்றமாகும்.

காடோலினியம் என்ற உலோகத்தின் எல்லை சுமார் 20 டிகிரிதான். அதன் அருகே பலமான காந்தத்தைக் கொண்டுவந்தால் அது சூடாகும், விலக்கினால் குளிரும். இதைக்கொண்டு 1976-ல் நாசா ஆய்வுக்கூடத்தில் பிரவுன் என்ற விஞ்ஞானி குளிரூட்டிக் காட்டினார். 1997-ல் பெச்சார்ஸ்கி, க்ஷ்னைட்னர் என்ற இருவர், காடோலினியத்துடன் சிலிக்கனும் ஜெர்மேனியமும் சேர்த்தால் பலன் இன்னும் அதிகம் என்று கண்டார்கள். குளிர்பெட்டி வாயுக்கள் பல, கசிந்தால் பூமியின் சூட்டை ஏற்றுபவை. வாயுவே வேண்டாத குளிர்பெட்டி என்றால் சும்மாவா? உலோகத்தின் விலையும் பலமான காந்தத்தின் தேவையும்தான் குறுக்கே நிற்கின்றன.

ஊர் இரண்டுபட்டால்...

வெளியிலிருந்து வரும் இழுப்பு ஒரே திசையில் இருந்தால் ஒழுங்குக்குத் துணை. பொருளுக்குள்ளேயே இடத்துக்கு இடம் தாறுமாறாக இழுத்தால்? 1975-ல் இம்ரி, மா என்ற இரு விஞ்ஞானிகள் விடை கூறினார்கள். ஓர் அணு கனமே உள்ள தகடு போன்ற காந்தத்தில், அந்த இழுப்பு எவ்வளவு அற்பமானாலும், தகடு முழுவதும் ஒரே திசையில் நிற்க முடியாது. கட்சி கட்சியாகப் பிரிந்துவிடும்!

ஆக, கலப்படம் கெடுக்கவும் செய்யும், காக்கவும் செய்யும். எல்லாம் சேர்க்கும் அளவையும் சீரையும் பொறுத்தது. மிளகில் பப்பாளி விதை கலப்பவர்களை நாம் மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று இலையில் தீயாத சோறு விழுந்தால், துத்தநாகம் கலந்த அந்தச் சிறு துண்டுக்கு ஒரு நன்றி சொல்லலாம்!