இருபது இலட்சம் வோல்ட்: மின்னதிர்ச்சிக் கருவியும் அதன் விளம்பரமும்

கொச்சிக் காயலின் கரையில் அமைந்துள்ள மட்டாஞ்சேரி, மிளகு, சுக்கு, ஏலம் முதலிய சரக்குகளின் வர்த்தகத்தால் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்ற ஊர். அவ்வர்த்தகத்தைப் போலவே கொசுவும் அப்பகுதிக்குப் பழமையானது. யானைக்கால் நோயை ஐரோப்பியர் ஒரு காலத்தில் 'கொச்சிக் கால்' என்றே அழைத்தனர். இன்று அவ்வூர் வீடுகளில் மாலை வேளையில் 'பட், பட்' என்று எழும் ஓசை, மின்கலத்தால் இயங்கும் கொசு மட்டையினுடையது. அம்மட்டையின் நெருங்கிய உறவினன் ஒன்று உண்டு. அதுவே 'ஸ்டன் கன்' எனப்படும் மின்னதிர்ச்சிக் கருவி. சட்டைப் பையில் அடங்கும் இக்கருவியின் பெட்டியின் மேல் பத்து இலட்சம், இருபது இலட்சம், சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட வோல்ட் என்று அச்சிடப்பட்டிருக்கும்.

2012 டிசம்பரில் டில்லியில் நிகழ்ந்த கொடுஞ்செயலுக்குப் பின்னர், தற்காப்புப் பொருள்களில் மக்களின் நாட்டம் நாடெங்கும் பெருகிற்று. இரவுப் பணி முடித்துப் படகுத்துறையிலிருந்து தனியே வீடு திரும்பும் பெண்ணும், கிடங்கைக் காக்கும் காவலாளியும் இத்தகைய கருவியை வாங்க எண்ணுவது இயல்பே. ஆனால் அவர்கள் வாங்குவது ஒரு விளையாட்டுப் பொருள் அன்று; ஆபத்து வேளையில் உயிரையே ஒப்படைக்கும் துணை. ஆகவே பெட்டியின் மேலுள்ள எண் மெய்யா, பொய்யா என்று ஆராய்தல் இன்றியமையாதது. இதற்கு ஆய்வுக்கூடமும் வேண்டுவதில்லை. ஓர் அளவுகோலும் பள்ளிக் கணிதமும் போதும்.

வோல்ட் என்பது யாது?

வோல்ட் என்பது மின்சாரத்தின் அழுத்தத்தைக் குறிக்கும் அளவு. மின்சாரம் எவ்வளவு உள்ளது என்பதை அது கூறுவதில்லை. மாடியின் உச்சியிலிருந்து விழும் ஒரு துளி நீர் வெகு உயரத்திலிருந்து வருகின்றது. எனினும் கீழே நிற்பவனுக்கு அதனால் தீங்கில்லை. மதகு திறந்து பாயும் வெள்ளமோ முழ உயரத்திலிருந்து வந்தாலும் ஆளை அடித்துச் செல்லும். உயரம் வோல்ட்டை ஒக்கும். நீரின் அளவு மின்னேற்றத்தை ஒக்கும். விளைவு இரண்டையும் பொறுத்தது.

உலர்ந்த குளிர்காலத்தில் டில்லி போன்ற ஊர்களில் செயற்கை இழைத் துணியைக் கழற்றும்போது 'சுரீர்' என்று ஒரு பொறி தைப்பதுண்டு. அப்போது உடலின் அழுத்தம் 10,000 வோல்ட் வரை ஏறியிருக்கக்கூடும். ஆயினும் அதில் அடங்கிய ஆற்றல் ஒரு ஜூலின் இருநூற்றில் ஒரு பங்கு அளவினதே. ஆகவே அது கணநேரக் கூச்சத்தோடு முடிகின்றது. மாறாக, வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட் மட்டுமே. ஆண்டுதோறும் பலரின் உயிரைக் கவர்வது அதுவே. காரணம், அதன் பின்னே ஓயாது மின்னோட்டத்தைத் தரவல்ல மின் நிலையம் நிற்கின்றது.

மீன் கற்பித்த பாடம்

இவ்வுண்மையை விஞ்ஞானிகள் ஒரு மீனிடமிருந்து கற்றனர் என்பது வியப்பிற்குரியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971 முதல் தன் தலைமையகத்தைக் கொண்டுள்ள கொச்சியில், மின்திருக்கை அயலான மீன் அன்று. இழுவலையில் ஏனைய மீன்களோடு அகப்படும் அதனைத் தொட்டவரின் கை மரத்துப் போகும்.

1772-இல் ஜான் வால்ஷ் என்பவர் பிரான்சு நாட்டின் கடற்கரையில் இவ்வின மீனை ஆராய்ந்து, அதன் தாக்குதல் மின்சாரமே என்று முடிவு செய்தார். ஆனால் மின்சாரமாயின் பொறி எழ வேண்டுமே, இம்மீன் பொறியை உண்டாக்கவில்லையே என்ற ஆட்சேபம் எழுந்தது. ஹென்றி காவெண்டிஷ் தோலினால் செயற்கை மீன் ஒன்றைச் செய்து, உப்பு நீரில் இட்டு, லேடன் ஜாடிகளின் துணையால் அதற்கு மின்னேற்றம் அளித்துப் பரிசோதித்தார். மின்சாரத்தின் அளவு மிகுந்தும் அழுத்தம் குறைந்தும் இருப்பின், பொறி எழாமலேயே வலிய அதிர்ச்சி உண்டாகும் என்று 1776-இல் அவர் விளக்கினார்.

இன்றைய அளவீடுகள் அவர் கூற்றை உறுதி செய்கின்றன. கடல்நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துமாதலால், பெரிய மின்திருக்கை ஐம்பது அறுபது வோல்ட் அழுத்தத்திலேயே பல ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றது. தென் அமெரிக்க நன்னீரில் வாழும் மின்விலாங்கிற்கோ மிகுந்த அழுத்தம் தேவை. 2019-இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்தில் 860 வோல்ட் அளக்கப்பட்டது. உயிரினங்களுள் இதுவே உச்சம். பொறியின் ஒளியும் ஓசையும் வலிமைக்குச் சான்றல்ல என்பது இம்மீன்கள் புகட்டும் பாடம்.

காற்றின் சாட்சியம்

இனி, விளம்பரத்தின் எண்ணைச் சோதிக்கலாம். காற்று ஒரு மின்காப்புப் பொருள். எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சமமான பரப்புடைய இரு தகடுகளுக்கிடையே ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் ஏறியதும் காற்று முறிந்து பொறி பாய்கின்றது. முனைகள் கூராயிருப்பின் இதனினும் குறைந்த அழுத்தமே போதும். சில சென்டிமீட்டர் இடைவெளிக்குச் சென்டிமீட்டர் ஒன்றுக்குச் சுமார் 10,000 வோல்ட் எனக் கொள்ளலாம்.

கையடக்கக் கருவியின் வெளி முனைகள் பெரும்பாலும் 4 அல்லது 5 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. அவற்றினிடையே 40,000 முதல் 50,000 வோல்ட் ஏறியவுடன் பொறி பாய்ந்து அழுத்தம் வீழ்ந்துவிடும். அதற்கு மேல் அழுத்தம் ஏறுவதற்கு இடமில்லை. சில கருவிகளில், பொறியைக் காட்டுவதற்கென்றே உட்புறம் இன்னும் நெருக்கமான இரு முனைகள் உள்ளன. அவை 2 சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பின் எல்லை 20,000 வோல்ட் அளவிலேயே நின்றுவிடும்.

20,00,000 வோல்ட் மெய்யாயின், மிகக் கடினமான நிலையிலும் பொறி 66 சென்டிமீட்டர் பாய வேண்டும். கூர்முனைகளினிடையே அது ஓர் ஆளின் உயரத்தையும் தாண்டும். அத்தகைய அழுத்தத்தை ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் உறை தாங்காது. மின்சாரம் பிடித்திருப்பவரின் கை வழியாகவே பாயும். கருவி உறைக்குள் அடங்கியிருப்பதே, எண் பொய் என்பதற்குச் சாட்சி. மேலும், கொச்சியின் மழைக்காலத்தில் உப்புக் காற்றும் ஈரமும் முனைகளினிடையே மெல்லிய படலமாகப் படிந்து மின்கசிவிற்கு வழி செய்வதால், உள்ள அழுத்தமும் குறைய நேரிடும்.

கணக்கின் சாட்சியம்

தோலின் தடையை நீக்கிப் பார்க்கின், உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்ளலாம். 20,00,000 வோல்ட் அதன் மேல் நிலைத்திருப்பின், ஓம் விதிப்படி 2,000 ஆம்பியர் பாய வேண்டும். திறன் 400 கோடி வாட் ஆகும். இடுக்கி நீர்மின் நிலையத்தின் முழுத் திறன் 780 மெகாவாட், அதாவது 78 கோடி வாட். விளம்பரத்தை நம்பினால், சட்டைப் பையில் ஐந்து இடுக்கி நிலையங்கள் அடங்கியிருக்க வேண்டும். சிறு மின்கலம் ஒன்று தரக்கூடியதோ சில வாட் மட்டுமே.

பாரமற்ற நிலையில் மட்டுமே அவ்வழுத்தம் உண்டென்றும், உடலைத் தொட்டதும் அது குறையுமென்றும் விற்பவர் கூறலாம். பாரமற்ற நிலையில் காற்றே எல்லை வகுக்கின்றது என்பது மேலே காட்டப்பட்டது. உடலைத் தொட்டபின் நிலைக்காத எண்ணால் வாங்குபவருக்குப் பயனும் இல்லை.

காவல் துறைக் கருவியுடன் ஒப்பீடு

அயல்நாட்டுக் காவல் துறையினர் பயன்படுத்திய டேசர் எக்ஸ்-26 என்னும் கருவியின் அளவுகள் வெளிப்படையானவை. பொறி பாயும் வேளையில் உச்ச அழுத்தம் 50,000 வோல்ட். உடலில் செல்லுங்கால் அது சுமார் 1,200 வோல்ட். வினாடிக்கு 19 துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பிற்கும் மின்தேக்கியில் சேமிக்கப்படும் ஆற்றல் 0.36 ஜூல், சராசரி மின்னோட்டம் சுமார் 2 மில்லி ஆம்பியர். கடைக் கருவி தனக்கென உரிமை கொள்ளும் எண், இதன் உச்சத்தைப் போல் நாற்பது மடங்கு!

இவ்விரண்டிற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு வோல்ட்டில் இல்லை. முனைகளின் இடைவெளியில் உள்ளது. காவல் துறைக் கருவி கம்பியோடு இணைந்த இரு சிறு அம்புகளைத் தொலைவில் எய்கின்றது. அவை உடலில் ஓர் அடிக்கு மேல் விலகித் தைத்தால், இடைப்பட்ட பெருந்தசைகள் அனைத்தும் ஒருங்கே சுருங்கி ஆள் செயலற்று வீழ்கின்றான். கையடக்கக் கருவியிலோ மின்னோட்டம் நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள தோல், தசைப் பகுதியிலேயே சுழன்றுவிடுகின்றது. விளைவது வலி, செயலிழப்பு அன்று. தடித்த மழைச் சட்டையோ, பல மடிப்புத் துணியோ இடையிட்டால் வலியும் குறையும். மது மயக்கத்திலும் வெறியிலும் உள்ளவன் வலியைப் பொருட்படுத்தாமல் போகலாம். அத்துடன், இக்கருவியைப் பயன்படுத்த எதிரியைத் தொட்டு நிற்றல் வேண்டும். விலகி ஓட வேண்டிய வேளையில் நெருங்கி நிற்கச் செய்வது அதன் பெருங்குறை.

வலிமை குறைந்தது என்பதனால் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. கண்ணிலும் கழுத்திலும் படுவதும், இதய நோயாளர், கருவுற்ற பெண்கள் ஆகியோர் மேல் படுவதும் ஆபத்தானவை. படகுத்துறை போன்ற இடங்களில் நிலைதடுமாறி நீரில் வீழ்வதே உயிருக்கு இறுதியாகலாம். 2007 அக்டோபரில் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில், காவலர் டேசரைப் பலமுறை பயன்படுத்தியதைத் தொடர்ந்து பயணி ஒருவர் உயிரிழந்த நிகழ்ச்சி உலகறிந்தது.

கொசு மட்டையின் நேர்மை

கொசு மட்டையிலும் மின்கலம், அலைவியற்றி, சிறு மின்மாற்றி, மின்தேக்கி என்னும் அதே உறுப்புகளே உள்ளன. அதன் மின்தேக்கி 22 நானோ ஃபாரட் கொள்ளளவும் 2,000 வோல்ட் அழுத்தமும் உடையதெனின், சேமித்த ஆற்றல் 0.044 ஜூல். ஒரு சில மில்லிகிராம் எடையுள்ள கொசுவிற்கு இது இடி. மனிதனுக்கு ஒரு குத்தல். மட்டை தன் பணியைச் செவ்வனே செய்வதற்குக் காரணம், அதன் ஆற்றல் அதன் இலக்கிற்குப் பொருந்தியிருப்பதே.

செய்யத்தக்கன

ஆசிரியர்கள் இக்கணக்கை எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு எளிதில் கற்பிக்கலாம். கருவியை இயக்காமல், மின்கலத்தை அகற்றியபின் முனைகளின் இடைவெளியை அளவுகோலால் அளக்கச் செய்து, சென்டிமீட்டருக்கு 10,000 வோல்ட் வீதம் பெருக்கச் செய்தல் போதுமானது. மட்டையையோ கருவியையோ பிரித்தல் கூடாது; மின்கலத்தை அகற்றிய பின்னரும் மின்தேக்கியில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும்.

களப் பணியாளர்கள் மக்களிடம் மூன்று செய்திகளை எடுத்துரைக்கலாம். முதலாவது, 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளில் மின்சாரத்தால் செயலிழக்கச் செய்யும் கருவிகளும் இடம் பெற்றுள்ளன. ஆகவே வாங்குமுன் காவல் நிலையத்தில் விசாரித்தறிதல் நலம். இரண்டாவது, பொய்யான அளவைக் கூறி விற்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரமாகும். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மூன்றாவது, ஆபத்து வேளையில் உரத்த குரலும், வெளிச்சமுள்ள இடத்தை நோக்கி விலகிச் செல்லுதலும், 112 என்னும் அவசர எண்ணும் முதல் துணைகள். கருவி அவற்றிற்குப் பின்னரே.

இரவில் தனியே நடப்பவருக்குக் கையிலுள்ள பொருளின் மெய்யான வலிமை தெரிந்திருக்குமாயின், அதற்கேற்ப எச்சரிக்கையாக நடந்துகொள்வார். இருபது இலட்சம் வோல்ட் என்னும் சொல்லை நம்பி எச்சரிக்கையைக் கைவிட்டவருக்கோ, அந்த நம்பிக்கையே பகையாய் முடியும்.