கடக்வாஸ்லாவுக்குப் போகும் வழி

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளியாகி, பொறியியலா, மருத்துவமா, கலைக் கல்லூரியா என்று குடும்பமே கூடி யோசித்துக்கொண்டிருக்கும் வேளையில், அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை, "நான் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர வேண்டும் அப்பா" என்று வாய் திறந்து சொல்வது நம் ஊர்களில் அபூர்வமான காட்சியன்று. அந்த அபிலாஷையைக் கேட்டுப் பூரிக்கின்ற பெற்றோருக்கு, அடுத்தபடி யாரிடம் போய் என்ன விசாரிப்பது என்பது தெரிவதில்லை. விசாரித்து அறிவதற்குள் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் தேதி கடந்துபோயிருக்கும். பதினோராம் வகுப்பில் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் விட்டு வேறு பாடங்களை எடுத்துக்கொண்டவனாயின், கடற்படையும் விமானப்படையும் இரண்டாண்டுகளுக்கு முன்பே அவன் கையை விட்டுப் போயிருக்கும். தகுதிக் குறைவால் ஒன்றை இழப்பது வேறு, தகவல் அறியாமையால் இழப்பது வேறு. பின்னது நேராதிருக்கும் பொருட்டு, தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் சேர்வதற்கான வழியை அதன் ஆரம்பத்திலிருந்தே இங்கு விளக்க விரும்புகிறேன்.

அகாதெமியின் வரலாறு

என்.டி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஸ்தாபனம், புணே நகருக்கு அருகில் கடக்வாஸ்லா ஏரிக்கரையில் அமைந்திருக்கிறது. முப்படைகளின் வருங்கால அதிகாரிகளும் இளம் பிராயத்திலேயே ஒன்றாய் உண்டு, ஒன்றாய்ப் பயின்று, ஒருவரையொருவர் அறிந்தவர்களாய் வளர வேண்டும் என்ற நோக்கத்துடன், 1949 ஜனவரியில் டேராடூனில் தற்காலிகமாகத் தொடங்கப்பட்ட கூட்டுப் பயிற்சி, 1949 அக்டோபர் 6ஆம் தேதி பிரதமர் நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய கடக்வாஸ்லாவுக்குப் பின்னர் இடம் மாறி, 1955 ஜனவரியில் முறைப்படி தொடக்கவிழாக் கண்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் சூடான் நாட்டின் விடுதலைக்காக உயிர் நீத்த இந்தியப் போர்வீரர்களின் நினைவாக அந்நாட்டு அரசாங்கம் அளித்த நன்கொடையிலிருந்து எழுந்த பிரதான கட்டடம், இன்றும் சூடான் பிளாக் என்றே வழங்கப்படுகிறது.

இங்கே மூன்றாண்டுகள் பயின்று பட்டமும் பெறும் கேடட்டுகள், அதன்பின் தரைப்படைக்கு டேராடூனிலும், கடற்படைக்குக் கேரளத்து எழிமலையிலும், விமானப்படைக்கு ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள துண்டிகல்லிலும் மேற்பயிற்சி பெற்று அதிகாரிகளாகிறார்கள். பயிற்சிச் செலவை அரசாங்கமே ஏற்கிறது. ஆகவே எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிட மேலான கல்வி வாய்ப்பு அரிது. ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த இந்த வாசல், 2021 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவினால் பெண்களுக்கும் திறந்தது. 2022இல் சேர்ந்த முதல் அணியிலிருந்து 17 பெண்கள் 2025 மே 30ஆம் தேதி பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். ஆதலால் இக்கட்டுரையில் பிள்ளை என்று சொல்லுமிடமெல்லாம் மகளையும் சேர்த்தே வாசகர் கொள்ள வேண்டும்.

வயதின் கணக்கு

இந்த வழியில் முதலாவதாக அறிய வேண்டியது வயதின் கணக்கு. அகாதெமியில் பயிற்சி தொடங்கும் சமயத்தில் பதினாறரை வயது நிரம்பியும் பத்தொன்பதரை வயது கடவாமலும் இருப்பவர்களே, அதுவும் விவாகமாகாதவர்களே, சேர்க்கப்படுவார்கள். எந்தப் பரீட்சைக்கு எந்தத் தேதிகளுக்கு இடையில் பிறந்தவர்கள் தகுதியுடையவர்கள் என்பதை மத்திய பணியாளர் தேர்வாணையம் ஒவ்வொரு அறிவிக்கையிலும் துல்லியமாகக் குறிப்பிடுகிறது. ஒரு நாள் தவறினாலும் அதற்குப் பரிகாரம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. பள்ளிப் படிப்பு முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் அந்த ஓராண்டை வீணாக இழக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் இரண்டு வாசல்கள் உண்டு. பாதுகாப்பு அமைச்சராயிருந்த வி. கே. கிருஷ்ண மேனனின் யோசனையின் பேரில் 1961 முதல் நாட்டின் பல பாகங்களிலும் தோன்றிய சைனிக் பள்ளிகள், பிள்ளைகளை என்.டி.ஏ.வுக்குத் தயார் செய்வதையே தலையாய நோக்கமாகக் கொண்டவை. நம் மாநிலத்தில் உடுமலைப்பேட்டைக்கு அருகே, அமராவதி அணையை அடுத்த அமராவதி நகரில், 1962இல் அப்படியொரு பள்ளி ஏற்பட்டது. அங்கே ஆறாம் வகுப்பில் சேர, அவ்வாண்டு மார்ச் 31 அன்று வயது பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சேரப் பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் இடையில். ஆறாம் வகுப்புக்கான நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதைக் கிராமத்துப் பெற்றோர் அவசியம் அறிய வேண்டும்.

இன்னொரு வாசல், டேராடூனில் 1922இல் நிறுவப்பட்ட ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி. பதினொன்றரை வயதுக்கு மேலும் பதின்மூன்றுக்குள்ளும் உள்ளவர்களை எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளும் இக்கல்லூரிக்கான பரீட்சையை, நம் மாநிலத்து மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. 2000 முதல் 2002 வரை தரைப்படைத் தளபதியாயிருந்த தமிழரான ஜெனரல் எஸ். பத்மநாபன், இந்தக் கல்லூரியில் படித்து, கடக்வாஸ்லா வழியாகவே அந்த ஸ்தானத்தை எய்தினார். இப்பள்ளிகளில் படிக்காமல் சாதாரணப் பள்ளிகளிலிருந்து என்.டி.ஏ.வில் நுழைவோரும் அநேகர். ஆனால் இவ்வாசல்கள் இருப்பதையே அறியாமல் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதைக் கடத்திவிடுவது, பின்னால் வருந்துவதற்குரிய விஷயம்.

எழுத்துப் பரீட்சை

ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் என்.டி.ஏ. எழுத்துப் பரீட்சையில் இரண்டு தாள்கள். கணிதத்துக்கு 300 மதிப்பெண்; பொதுத் திறனறிவுக்கு 600, அதில் ஆங்கிலத்துக்கு மட்டும் 200. ஒவ்வொரு தாளுக்கும் இரண்டரை மணி நேரம். கணிதத்தில் 120 வினாக்கள் இருப்பதால் ஒரு வினாவுக்கு ஒன்றேகால் நிமிஷமே கிடைக்கும். தவறான விடைக்கு அவ்வினாவுக்குரிய மதிப்பெண்ணில் மூன்றிலொரு பங்கு கழிக்கப்படுவதால், தெரியாததை ஊகித்துக் குறிப்பதும் ஆபத்து. தரைப்படைக்கு எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவரும் விண்ணப்பிக்கலாமாயினும், மற்ற இரு படைகளுக்கும் பௌதிகம், ரசாயனம், கணிதம் மூன்றையும் படித்திருத்தல் வேண்டும். மேலும், எந்தப் படையை நாடினாலும் கணிதத் தாளை எழுதியே ஆக வேண்டுமாதலால், பத்தாம் வகுப்பு முடிந்து பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் அந்த நாளிலேயே இந்த விண்ணப்பத்தில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது என்று சொல்வது மிகையாகாது.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே அச்சிடப்படுகிறது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய இடர்தான்; ஆனால் முன்கூட்டியே கவனித்தால் கடக்கக்கூடிய இடர். எட்டாம் வகுப்பு முதற்கொண்டு கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருபவன், நான்காண்டுகளில் வேறு பிரயாசை இல்லாமலே அந்த வினாத்தாளைப் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிடுவான். பதினெட்டு வயதில் மூன்று மாதத்தில் அதைச் செய்ய முற்படுபவனுக்கு மொழியோடு மல்லுக்கட்டுவதிலேயே பொழுது போய்விடும், கணிதத்துக்கு நேரம் மிஞ்சாது. தினசரிப் பத்திரிகை வாசிப்பும் அவ்வாறே: சரித்திரம், பூகோளம், நடப்புச் செய்திகள் ஆகியவை நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்ந்தால்தான் மனத்தில் தங்கும்.

மனம், வாக்கு, செயல்

எழுத்துப் பரீட்சையில் தேறியவர்கள் எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியத்தின் முன் ஐந்து நாட்கள் தங்க வேண்டும். இதற்கும் எழுத்துப் பரீட்சைக்குச் சமமாக 900 மதிப்பெண்கள். முதல் நாள் ஸ்கிரீனிங்கிலேயே பலர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். எஞ்சியவர்கள், பெயர் மறைந்து மார்பில் கட்டிய செஸ்ட் நம்பரே பெயராய் வழங்க, மூன்று வகையாகப் பரிசோதிக்கப்படுகிறார்கள்.

மனோதத்துவப் பரீட்சையில் ஒரு படத்தை முப்பது விநாடி காட்டி, நான்கு நிமிஷத்தில் அதைப் பற்றிக் கதை எழுதச் சொல்வார்கள். பதினைந்து விநாடிக்கொரு சொல்லாக அறுபது சொற்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் உடனே தோன்றும் எண்ணத்தை வாக்கியமாக எழுதச் சொல்வார்கள். அறுபது சந்தர்ப்பங்களைக் கொடுத்து, இந்நிலையில் நீ என்ன செய்வாய் என்று அரைமணி நேரத்தில் பதில் கேட்பார்கள். மைதானத்தில் பலகை, கயிறு, பீப்பாய் ஆகியவற்றைக் கொடுத்து, சிவப்பு வர்ணம் பூசிய பாகத்தைத் தொடாமல் குழுவாகத் தடைகளைக் கடக்கச் சொல்வார்கள். மூன்று நிமிஷ அவகாசத்தில் ஒரு விஷயத்தைச் சிந்தித்து மூன்று நிமிஷம் பேசச் சொல்வார்கள். இவற்றோடு நேர்முகப் பேட்டியும் உண்டு.

மனோதத்துவ நிபுணர், பேட்டி காணும் அதிகாரி, மைதானத்து அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியே மதிப்பிட்டு, கடைசி நாள் கான்ஃபரன்ஸில்தான் ஒன்றுகூடுகிறார்கள். அவர்கள் தேடுவன பொறுப்புணர்ச்சி, ஒத்துழைப்பு, தைரியம், விரைந்து முடிவெடுக்கும் ஆற்றல் முதலான பதினைந்து குணங்கள். 'மனஸா, வாசா, கர்மணா' என்று இந்த முறைக்கு ஒரு விளக்கம் சொல்வதுண்டு. நம் பெரியோர் திரிகரண சுத்தி என்றது இதைத்தான்: நினைப்பும் சொல்லும் செய்கையும் ஒன்றாயிருத்தல். எழுதிய கதையில் தலைவனாய் நின்றவன், மைதானத்தில் கயிற்றைப் பிடிக்கத் தயங்கிப் பின்னால் ஒதுங்குவானாயின், அந்தக் கதை மனப்பாடம் செய்யப்பட்டது என்பது மூவருக்கும் அன்றே வெளிப்பட்டுவிடும்.

ஆகவேதான் முன்கூட்டித் தயாராவது என்பதைச் சிறு வயதிலேயே கோச்சிங் வகுப்பில் சேர்ப்பது என்று பெற்றோர் பொருள் கொள்ளலாகாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன். உறவினர் வீட்டுக்குத் தனியே பஸ்ஸில் போய்வரவும், வீட்டுச் செலவில் ஒரு பகுதிக்குக் கணக்கு வைக்கவும், தம்பி தங்கையின் படிப்புக்குப் பொறுப்பேற்கவும், தெருப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பந்தயம் நடத்தி அதில் எழும் சச்சரவுகளைத் தானே தீர்க்கவும் பழகிய பிள்ளைக்கு அந்தப் பதினைந்து குணங்களில் பெரும்பாலானவை பெயர் தெரியாமலே வந்து சேர்ந்திருக்கும். சாரணர் இயக்கமும், 1948 முதல் நடைபெற்றுவரும் தேசிய மாணவர் படையும் இதற்கு உற்ற துணை. எல்லாவற்றையும் தாமே செய்து கொடுத்து, படிப்பு ஒன்றையே பிள்ளைக்கு விட்டுவைக்கும் பெற்றோர், அன்பின் மிகுதியால் அவனைப் பலவீனப்படுத்துகிறார்கள்.

தேகப் பரிசோதனை

வாரியம் சிபாரிசு செய்தவர்களையும் வைத்தியப் பரிசோதனை விலக்கிவிடக்கூடும். கண்பார்வை, நிறங்களைப் பிரித்தறிதல், செவி, பற்கள், தட்டைப் பாதம், முட்டி உரசும் கால் ஆகிய அனைத்தும் பார்க்கப்படும். உடலில் பச்சை குத்திக்கொள்வதற்கும் கட்டுப்பாடு உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வைத்தியரிடம் ஒருமுறை காட்டினால், சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். சரிசெய்ய இயலாதது இருப்பின், பிள்ளை வேறொரு லட்சியத்தை மனம் உடையாமல் தேடிக்கொள்ளவும் காலம் இருக்கும். இரண்டரைக் கிலோமீட்டர் அளவு ஓட்டமும், தண்டாலும், கயிறேறுதலும் மைதானம் இல்லாத ஊரிலும் இயலக்கூடிய அப்பியாசங்களே.

சிபாரிசும் தோல்வியும்

அமெரிக்காவில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர விரும்புபவர், தம் தொகுதிப் பிரதிநிதி அல்லது செனட்டர் போன்ற ஒருவரால் முன்மொழியப்பட வேண்டும். நம் நாட்டில் அவ்வித நியதி கிடையாது. எந்தப் பிரமுகரின் கடிதமும் வேண்டாம். ஆதலால், பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்று வருபவனை வாசலோடு அனுப்பிவிடுவதே விவேகம்.

ஒரு முறை தவறியவர்கள், வயது வரம்புக்குள் மீண்டும் எழுதலாம். அதுவும் கைகூடாவிடில், பட்டதாரிகளுக்கான ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு இருக்கிறது; சென்னைப் பரங்கிமலையில் 1963இல் ஏற்பட்ட அதிகாரிகள் பயிற்சி அகாதெமி இருக்கிறது. அசோக சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் கல்லூரிப் படிப்பை முடித்தபின் பரங்கிமலையில் பயின்றவரே. தாமதமாகத் தோன்றிய ஆசைக்கும் வழி உண்டு என்பதற்கு அவரே சாட்சி.

இவ்வளவும் பிள்ளையின் சொந்த விருப்பமாயிருத்தல் அவசியம். தகப்பனாரின் நிறைவேறாத ஆசையைச் சுமந்துகொண்டு வருபவனை அந்த ஐந்து நாட்களில் எளிதாக அடையாளம் கண்டுகொள்வார்கள். பேட்டி அதிகாரி கேட்பவை பெரும்பாலும் கடினமான கேள்விகள் அல்ல: உன் நண்பர்கள் யார், வீட்டில் யாரோடு அதிகம் பேசுவாய், விடுமுறை நாளை எப்படிக் கழிக்கிறாய் என்று சர்வசாதாரணமாக விசாரிப்பார். அந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. பத்து வயது முதல் பதினேழு வயது வரை கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளே அதற்கு விடை. அவற்றுள் அடுத்தது இன்னும் சில தினங்களில் வருகிறது.